இலை நீக்கும் காலம்: திராட்சை வேளாண்மையில் ஒரு பருவ விதியின் வரலாறு

முன்னுரை

திராட்சைக் கொடியின் இலையைக் கையால் கிள்ளி நீக்குவது உழவுத் தொழிலின் எளிய வேலைகளுள் ஒன்றாகத் தோன்றும். அதற்குக் கத்தி வேண்டியதில்லை. பெரும் உடல் வலிமையும் வேண்டியதில்லை. ஆயினும், அவ்விலையை எப்போது நீக்குவது என்னும் வினாவிற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நூல்கள் விடை கூறி வந்துள்ளன. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்குங்கால் ஒரு முரண்பாடு புலப்படுகிறது. பழங்கள் நிறம் மாறத் தொடங்கும் பருவத்தில் இலைகளைக் களைந்து குலைகளை வெளிப்படுத்துமாறு பண்டைய உரோமானிய நூல் பணிக்கிறது. குலைகள் வெயில் பெற்று முதிர வேண்டும் என்பது அம்மரபின் நோக்கம். ஏறத்தாழ அதே பருவத்தில் இலைகளை நீக்கிப் பழம் முதிர்வதைத் தாமதப்படுத்தலாம் என்று 21-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய ஆய்வு கூறுகிறது.

ஒரே நாடு; ஒரே பயிர்; ஏறத்தாழ ஒரே பருவம். நோக்கமோ நேர்மாறானது. இவ்விரு கூற்றுகளுள் ஒன்று பிழை எனக் கொள்ள வேண்டுமா? அன்றி, இரண்டும் மெய்யாக இருத்தல் கூடுமா? இவ்வினாவை முன்வைத்து, இலை நீக்கும் காலம் பற்றிய அறிவு எவ்வாறு உருவாகி மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இத்தாலியே இதன் முதன்மைக் களம். இறுதிப் பகுதியில் மட்டும், குளிர்காலம் இல்லாத நிலத்தில் இதே செயல் பெறும் வேறொரு பொருளைக் காண்பதற்காகத் தென்னிந்தியத் திராட்சைத் தோட்டங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

உரோமானிய உழவு நூல்கள்

இலத்தீன் மொழியில் முழுமையாகக் கிடைக்கும் உரைநடை நூல்களுள் மிகப் பழையது காட்டோ (கி.மு. 234–149) இயற்றிய உழவு நூல். இது கி.மு. 160-ஐ ஒட்டி எழுந்ததாகக் கருதப்படுகிறது. திராட்சைக் கொடியைப் பேணும் முறையைக் கூறும் பகுதியில் காட்டோ ஒரே வினைச்சொல்லை இரு இடங்களில் ஆள்கிறார். கொடி இலைவிடத் தொடங்கும்போது அவ்வேலையைச் செய்க என்பது முதலாவது. பழம் நிறம் மாறத் தொடங்கும்போது கொடிகளைக் கட்டி, அதே வேலையைச் செய்து, குலைகளை வெளிக்கொணர்க என்பது இரண்டாவது.

இவ்வினையின் பெயர்ச்சொல் வடிவம் 'பம்பினாத்தியோ' என்பதாகும். 'பம்பினுஸ்' என்னும் அடிச்சொல் இலையோடு கூடிய இளங்கொடியைக் குறிக்கும். ஆகவே இச்சொல் மிகையான தளிர்களை ஒடித்தல், இலைகளைக் களைதல் ஆகிய இரண்டையும் தன்னுள் அடக்கியது. இலைவிடும் காலத்தில் அது பெரும்பாலும் தளிர் ஒடித்தலையே சுட்டும்; நிறம் மாறும் காலத்தில் இலை களைதலைச் சுட்டும். இரு இடங்களிலும் 'இலை நீக்குக' என்று ஒரே தொடரால் தமிழாக்கம் செய்தால் காட்டோ கூறியதாக நாம் ஒரு தவறான விதியை உருவாக்கிவிடுவோம். சொல்லின் பொருளைப் பருவமே தீர்மானிக்கிறது என்பது மொழிபெயர்ப்பாளரும் ஆசிரியரும் மனங்கொள்ளத்தக்கது.

கி.பி. முதல் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயினின் காதிஸ் நகரில் பிறந்து இத்தாலியில் நிலம் வைத்திருந்த கொலுமெல்லா, தமது பன்னிரு பகுதிகளைக் கொண்ட உழவு நூலில் திராட்சைக்கு விரிவான இடம் அளித்தார். கி.பி. நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டினரான பல்லாதியுஸ் அவரை வெகுவாகப் பின்பற்றியவர்; ஆனால் செய்திகளை மாத வரிசையில் அமைத்தவர். ஆகஸ்டு மாத வேலைகளைக் கூறுமிடத்தில் பல்லாதியுஸ் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் செய்கிறார். குளிர்ந்த இடங்களில் இம்மாதத்தில் இலை களையப்பட வேண்டும். வெம்மையும் வறட்சியும் உடைய இடங்களிலோ பழங்கள் வெயிலில் காய்ந்துவிடாதபடி அவற்றுக்கு நிழல் அமைக்க வேண்டும். அதுவும் தோட்டம் சிறிதாக இருந்தாலோ, போதிய ஆட்கள் இருந்தாலோ மட்டுமே இயலும் என்றும் அவர் சேர்த்துக் கூறுகிறார்.

இக்கூற்றில் மூன்று செய்திகள் பொதிந்துள்ளன. முதலாவது, விதி இடத்தைப் பொறுத்தது. ஒரே மாதத்தில் ஓரிடத்தில் இலையை எடுக்க வேண்டும். பிறிதோரிடத்தில் நிழலைக் கூட்ட வேண்டும். இரண்டாவது, இவர்கள் இலையை முதன்மையாக ஒரு திரையாகவே கண்டனர். வெயிலை மறைப்பது இலை. வெயில் வேண்டுமாயின் திரையை விலக்கு, வேண்டாவிடின் திரையை இடு என்பதே இதன் அடிப்படை. மூன்றாவது, எவ்வளவு நல்ல விதியாயினும் ஆள்பலம் இல்லையெனில் அது நடைமுறைக்கு வாராது.

அந்த ஆட்கள் யாவர்? நூறு யூகெரா, அதாவது ஏறத்தாழ 25 ஹெக்டேர், பரப்புள்ள திராட்சைத் தோட்டத்திற்குப் பதினாறு பேர் வேண்டும் என்று காட்டோ கணக்கிடுகிறார். மேற்பார்வையாளர், அவர் மனைவி, பத்து உழைப்பாளர், மாடு, கழுதை, பன்றி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வோர், கட்டுதற்குரிய அலரிக் கொம்புகளைப் பேணுபவர் ஆகியோர் அதில் அடங்குவர். இத்தகைய பெருந்தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பைச் சார்ந்திருந்தன. திராட்சை வேலைக்கு உடல் வலிமையோடு கூர்மதியும் வேண்டும் எனவும், அதனாலேயே அது பெரும்பாலும் விலங்கிடப்பட்ட அடிமைகளால் செய்விக்கப்படுகிறது எனவும் கொலுமெல்லா எழுதுகிறார். எந்த இலையை எந்த நாளில் விடுவது, எதை எடுப்பது என்று ஒவ்வொரு கொடியின் முன்னும் நின்று முடிவு செய்தவர்கள் இவர்களே. நூல் விதியைப் பதிவு செய்தது. அதைச் செயலாக்கிய கையின் அறிவைப் பதிவு செய்யவில்லை. தொழிலாளரின் கைத்திறன் ஏடுகளில் ஆள் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சி நிற்பதை மலாயாத் தோட்டப்புற வரலாறு பயில்வோரும் அறிவர்.

பல்லாதியுசின் நூல் இடைக்காலத்தில் பரவலாகப் படி எடுக்கப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலோஞ்ஞா நகரத்துப் பியெத்ரோ தெ கிரெசென்சி எழுதிய உழவு நூலும் அதிலிருந்து மிகுதியாக எடுத்துக்கொண்டது. அந்நூல் 1471-இல் அச்சேறியது. இவ்வாறு உரோமானியரின் உழவு அறிவு அச்சுக் காலத்திற்குள் நுழைந்தது.

திரையிலிருந்து உணவுக் களத்திற்கு

இலை வெறும் திரையன்று என்பதை அறிவியல் உறுதிப்படுத்தியது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1860-களின் முற்பகுதியில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் ஃபொன் சாக்ஸ், ஒளிபட்ட இலையின் பச்சையங்களில் மாச்சத்து உருவாவதைக் காட்டினார். பழத்தில் சேரும் சர்க்கரை இலையிலிருந்து வருவது. எனில், இலையை நீக்குவது பழத்தின் உணவைக் குறைப்பதாகாதா?

இவ்வினாவிற்கு விடை காண இலையின் வயதைக் கருத வேண்டும். மொட்டு வெடித்த ஆறு முதல் எட்டு வாரங்களில் திராட்சை பூக்கிறது. அப்போது இளங்கொடியின் அடிப்பகுதி இலைகளே முதிர்ந்து உணவு வழங்கும் நிலையில் இருக்கும். நுனி இலைகள் இன்னும் உணவைப் பெற்று வளர்பவை. பூங்கொத்துகள் அந்த அடியிலைகளையே பெரிதும் நம்பியுள்ளன. ஓர் இலை விரிந்து ஏறத்தாழ நாற்பது நாட்களில் தன் ஆற்றலின் உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லத் தளர்கிறது. எனவே பழம் நிறம் மாறும் காலத்தில் அடியிலைகள் மூத்துத் தளர்ந்திருக்கும். மேலிலைகளே அப்போது சர்க்கரையை ஆக்கித் தருபவை. குலைகளோ எப்போதும் கொடியின் அடிப்பகுதியிலேயே உள்ளன.

இதிலிருந்து காலத்தின் முக்கியத்துவம் தெளிவாகும். அதே அடியிலைகளைப் பூக்குமுன் நீக்கினால் பூக்கள் உணவின்றிப் போகும். காய்பிடித்த பின் நீக்கினால் குலைக்கு ஒளியும் காற்றும் கிட்டும். காய்களின் எண்ணிக்கை பெரிதும் மாறாது. நிறம் மாறும் காலத்தில் நீக்கினால் சர்க்கரை இழப்பு சிறிதே. ஆனால் அதுவரை நிழலில் வளர்ந்த பழம் திடீரெனக் கடும் வெயிலுக்கு ஆட்பட்டுக் கருகக்கூடும். உரோமானியர் குளிர்ந்த இடங்களுக்கு மட்டும் இவ்வேலையை விதித்தது அனுபவத்தால் கண்ட உண்மை என்பது இங்கே விளங்குகிறது. அதன் காரணம் அவர்களுக்குக் கிட்டாதிருந்தது. அதன் எல்லை கிட்டியிருந்தது.

நிழலும் அழுகலும்

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலை நீக்கம் மீண்டும் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றது. உரமும் நீரும் மிகுந்ததால் கொடிகள் அடர்ந்து வளர்ந்தன. குலைகள் ஆழ்ந்த நிழலில் அகப்பட்டன. நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா ஆய்வு நிலையத்தில் நெல்சன் ஷாலிஸ், அடர்ந்த இலைத்தொகுதியை இரு திரைகளாகப் பிரித்துத் தொங்கவிடும் முறையை 1966-இல் வெளியிட்டார். அவரிடம் பயின்ற ஆஸ்திரேலியரான ரிச்சர்ட் ஸ்மார்ட், மைக் ராபின்சனுடன் இணைந்து 1991-இல் வெளியிட்ட கையேடு இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஒரு திராட்சை இலை தன்மேல் படும் பயனுள்ள ஒளியில் ஆறு விழுக்காட்டளவே கீழே விடுகிறது. மூன்றாம் அடுக்கிலுள்ள இலைக்கு ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சுவதில்லை. அவ்வாறான இலை உணவும் தருவதில்லை. குலையைச் சூழ்ந்து ஈரத்தை மட்டும் தேக்குகிறது.

தேங்கிய ஈரத்தில் பரவுவது போட்ரிடிஸ் என்னும் பூஞ்சையால் வரும் சாம்பல் நிற அழுகல். 1987-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர், குலைகளைச் சுற்றியுள்ள இலைகளை நீக்குவதால் இவ்வழுகல் குறைவதைக் காட்டினர். குலைப்பகுதியில் காற்றோட்டம் மிகுந்து ஈரம் விரைந்து உலர்வதே இதற்குரிய முக்கியக் காரணம் என்பது பின்வந்த அளவீடுகளில் தெரிந்தது. 1988-இல் அங்கேயே சோவிஞ்ஞோன் பிளாங் வகையில் இலை நீக்கத்தின் காலமும் அளவும் தனித்தனியே சோதிக்கப்பட்டன. 'எப்போது' என்னும் வினா உழவரின் பழக்கத்திலிருந்து ஆய்வுக்கள அட்டவணைக்கு வந்து சேர்ந்தது.

இக்காலத்து ஆய்வுகள் எச்சரிக்கையும் விடுத்தன. சுவிட்சர்லாந்தின் வேடென்ஸ்வில் நிலையத்தில் பினோ நுவார் வகையில் நடந்து 1990-இல் வெளிவந்த ஆய்வு, மிகுதியான இலை நீக்கம் தண்டில் சேமிக்கப்படும் மாச்சத்தையும் அடுத்த ஆண்டுக்குரிய மொட்டுகளின் வளத்தையும் குறைப்பதைக் காட்டியது. திராட்சையின் அடுத்த ஆண்டுப் பூங்கொத்து இவ்வாண்டுப் பூப்புக் காலத்தை ஒட்டியே மொட்டினுள் கருக்கொள்கிறது. ஆகவே இன்று பறிக்கும் இலையின் கணக்கு ஓராண்டில் முடிவதில்லை. ஒரு கிலோ பழம் முதிர ஏறத்தாழ 0.8 முதல் 1.2 சதுர மீட்டர் இலைப்பரப்பு தேவை என்ற அளவுகோல் பின்னர் வகுக்கப்பட்டது.

வாஷிங்டன் மாநிலத்தில் மெர்லோ வகையில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு வேறொரு முடிச்சை அவிழ்த்தது. வெயில் என நாம் ஒரே சொல்லால் குறிப்பது ஒளி, வெப்பம் என்னும் இரண்டையும் உள்ளடக்கியது. ஆய்வாளர் வெயில்பட்ட குலைகளைக் குளிர்வித்தும், நிழலில் இருந்த குலைகளை வெப்பமூட்டியும் இரண்டையும் பிரித்தறிந்தனர். ஒளி நிறமியை வளர்க்கிறது. மிகு வெப்பம் அதனைக் குறைக்கிறது. குளிர்ந்த இடத்தில் இலையை எடு, வெம்மையான இடத்தில் நிழல் இடு என்ற பல்லாதியுசின் விதிக்கு இது ஓர் அளவீட்டு விளக்கமாக அமைந்தது எனலாம்.

பூக்குமுன் இலை நீக்கம்

பூக்குமுன் அடியிலைகளை நீக்கினால் காய்பிடிப்பு குறையும் என்பது நெடுங்காலம் ஒரு தீமையாகவே கருதப்பட்டது. அதையே நன்மையாக மாற்ற இயலும் என்று காட்டியது இத்தாலிய ஆய்வு. இதற்குப் பொருளாதாரப் பின்னணி உண்டு. இத்தாலியின் நடுப்பகுதியில் நிலவிய விளைச்சல் பங்கீட்டுக் குத்தகை முறையில் புதிய ஒப்பந்தங்கள் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டன. அக்காலத்தில் கிராமத்து மக்கள் பெருமளவில் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கை வேலைக்கு ஆள் அரிதாயிற்று. மறுபுறம், தரச்சான்று பெற்ற ஒயின்களுக்கு விளைச்சல் வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. 1984-இல் உயர் தரச்சான்று பெற்ற கியாந்தி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வரம்பிற்குள் நிற்க, காய்த்த குலைகளில் ஒரு பகுதியைக் கையால் வெட்டி நிலத்தில் வீழ்த்துவது வழக்கமாயிற்று. அது செலவு மிக்க வேலை.

2006-இல் பியாசென்சா நகரில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபானோ போனியும் குழுவினரும் சாஞ்சோவேசே, ட்ரெபியானோ வகைகளில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பூக்குமுன் இளங்கொடியின் அடியிலுள்ள ஏறத்தாழ ஆறு இலைகளை நீக்கியபோது காய்பிடிப்பு குறைந்தது, குலை தளர்வாக அமைந்தது, விளைச்சல் தணிந்தது, பழத்தில் சர்க்கரை கூடியது. சாஞ்சோவேசேயில் நிறமியும் மிகுந்தது. நெருக்கமற்ற குலையில் அழுகலும் எளிதில் பற்றுவதில்லை. எஞ்சிய இலைகளும் பக்கத் தளிர்களும் இழப்பைப் பெருமளவு ஈடுசெய்தன. ஈராண்டுகளில் போலோஞ்ஞா ஆய்வாளர் இதனை இயந்திரத்தாலும் செய்து காட்டினர். குலையை வெட்டி எறிய வேண்டிய வேலையை, பூவைச் சிறிது பட்டினி போடுவதன் மூலம் முன்கூட்டியே முடித்துவிடும் முறை இது.

ஆள்பலம் உண்டாயின் நிழல் இடுக என்று பல்லாதியுஸ் எழுதியதையும், ஆள்பலம் குறைந்ததால் எழுந்த இம்முறையையும் இணைத்து நோக்க வேண்டும். இலை நீக்கும் காலத்தைத் தீர்மானித்தவை கொடியின் இயல்பும் வானிலையும் மட்டுமல்ல. தோட்டத்தில் யார், எத்தனை பேர், எந்நிலையில் உழைத்தனர் என்பதும் ஆகும்.

வெப்பம் மிகும் காலம்

அண்மைப் பத்தாண்டுகளில் சிக்கல் தலைகீழாகியுள்ளது. வெப்பநிலை உயர்வால் பல பகுதிகளில் பழம் முன்கூட்டியே முதிர்கிறது. சர்க்கரை விரைந்து ஏறுகிறது. அமிலம் விரைந்து இறங்குகிறது. நிறமும் மணமும் அதனோடு இணைந்து வளர்வதில்லை. உரோமானியரின் கவலை பழம் முதிராமற் போவது. இன்றைய கவலை பழம் விரைந்து முதிர்வது.

பெருஜா பல்கலைக்கழகத்தின் ஆல்பெர்ட்டோ பல்லியோட்டியும் உடனாய்வாளரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தது. சாஞ்சோவேசே பழங்கள் நிறம் மாறிய பின்னர், குலைக்கு மேலுள்ள இலைகளை இயந்திரத்தால் நீக்கினர். அப்பருவத்தில் மேலிலைகளே சர்க்கரையின் முதன்மை ஊற்று என்பதை முன்னர்க் கண்டோம். சர்க்கரை சேர்வது ஏறத்தாழ இரு வாரங்கள் தாமதமாயிற்று; நிறமி கெடவில்லை. குலையை ஒட்டிய அடியிலைகள் நிழலாக நின்றன.

முன்னுரையில் எழுப்பிய முரண்பாட்டுக்கு இங்கே விடை கிடைக்கிறது. காட்டோ குலையை வெளிப்படுத்த, அதனை மறைத்த இலைகளை நீக்கச் சொன்னார். பல்லியோட்டி மேலிலைகளை நீக்கினார். முன்னவர் இலையைத் திரையாகக் கண்டு அதனை விலக்கினார். பின்னவர் இலையை உணவுக் களமாகக் கண்டு அதனைச் சுருக்கினார். பருவம் ஒன்றாயினும் கொடியில் இடம் வேறு; காலநிலை வேறு; வேண்டிய பயன் வேறு. ஆகவே இரு கூற்றும் மெய்யே.

குளிர்காலம் இல்லாத நிலத்தில்

மேற்கண்டவை அனைத்தும் ஒரு பொது அடிப்படையைக் கொண்டவை: இலையுதிர்காலத்தில் கொடி தானாக இலையை உதிர்த்து, குளிர்காலத்தில் உறங்கி, வசந்தத்தில் விழிக்கும். தென்னிந்தியாவில் இவ்வடிப்படையே இல்லை. அங்கே திராட்சைக் கொடி முழு உறக்கம் கொள்வதில்லை. எனவே கவாத்தின் மூலம் பருவத்தை மனிதர் அமைத்துக் கொடுக்கின்றனர். மகாராட்டிரத்தில் ஏப்ரலை ஒட்டி ஒரு கவாத்தும் அக்டோபரை ஒட்டி மற்றொரு கவாத்தும் செய்வர். முதலாவது வளமான தண்டுகளை உருவாக்குவதற்கு, இரண்டாவது காய்ப்பதற்கு. அக்டோபர்க் கவாத்திற்கு ஓரிரு வாரங்களுக்கு முன் எல்லா இலைகளும் கையாலோ எத்திஃபான் என்னும் வேதிப்பொருளைத் தெளித்தோ உதிர்க்கப்படுகின்றன. இங்கே இலை நீக்கம் கொடிக்கு ஓர் இலையுதிர்காலத்தைச் செயற்கையாக வழங்குகிறது. மொட்டுகள் ஒருசேர வெடிக்க அது துணை செய்கிறது.

தமிழகத்தின் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய வகையாகும். 2023-இல் இது புவிசார் குறியீடு பெற்றது. தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்தின் நாளை மாற்றி அமைப்பதால் அங்கு ஆண்டின் பெரும்பகுதியிலும் அறுவடை நிகழ்கிறது. ஆகஸ்டு, செப்டம்பர் என மாதப் பெயரால் விதி வகுத்த பல்லாதியுசின் நாட்காட்டி இந்நிலத்தில் பயனற்றது. இங்கே நாட்கள் கவாத்துச் செய்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன.

முடிவுரை

இலை நீக்கும் காலம் பற்றிய விதிகள் காலந்தோறும் மாறி வந்ததைக் கொண்டு, பழையவை அறியாமை எனவும் புதியவை அறிவு எனவும் முடிவு செய்தல் பொருந்தாது. உரோமானிய விதி அதன் இடத்திற்கும் நோக்கத்திற்கும் பொருந்தியிருந்தது. 1980-களின் விதி அடர்ந்த கொடியின் அழுகலை நோக்கி எழுந்தது. 2006-இன் விதி மிகு விளைச்சலையும் ஆள் பற்றாக்குறையையும், 2013-இன் விதி மிகு வெப்பத்தையும் நோக்கி எழுந்தன. தக்காணத்து விதி உறங்காக் கொடியை நோக்கியது. ஒவ்வொன்றையும் அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்துப் பொது உண்மையாக்கும்போதே அது பொய்யாகிறது.

பழைய உழவு நூல்களையும் உழவு சார்ந்த பழமொழிகளையும் வகுப்பறையில் கற்பிக்கும் நமக்கு இது நேரடியாகப் பயன்படும். 'இன்ன மாதத்தில் இன்னது செய்க' என்னும் தொடரை மாணவர் முன் வைக்கும்போது, எந்த நிலத்தில், எந்தப் பயனுக்காக, யாருடைய உழைப்பைக் கொண்டு என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். முதலிரு வினாக்களுக்கு நூல்களிலும் ஆய்வுகளிலும் ஓரளவு விடை உண்டு. மூன்றாவதற்குரிய விடை, காட்டோவின் பதினாறு பேர் கணக்கைப் போல, பெரும்பாலும் ஓர் எண்ணாகவே நமக்குக் கிடைக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னே நின்ற அறிவை மீட்டெடுப்பது வேளாண்மை வரலாற்றின் முன்னுள்ள பணியாகும்.